புற்றும் வேர்த்தூரும்: சங்கரன்கோவிலுக்கு மேற்கே உள்ள சரிவில் மண் நுண்ணுயிர்ப் பரவலை எந்த அளவில் வரைவது?

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலில், சங்கரநாராயணர் கோயிலுக்கு வருவோர் பிரசாதமாகக் கொண்டுபோவது புற்றுமண். நெற்றியில் இடுவார்கள், உடம்பில் பூசுவார்கள், தோல்நோய்க்கு நல்லது என்று வீட்டில் எடுத்துவைப்பார்கள். இந்த வழக்கத்தைக் கண்டதும் அதன்மேல் நுண்ணுயிரியலை ஏற்றிப் பேசும் ஆசை சிலருக்கு வரும். முன்னோர் எல்லாவற்றையும் அன்றே அறிந்திருந்தார்கள் என்கிற ரகம். புற்றுமண்ணில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற, பிற நுண்ணுயிர்களைக் கொல்லும் பொருள்களைச் சுரக்கும் பாக்டீரியாக்கள் உண்டு என்பது மெய்தான். இசிவு நோயைத் தரும் கிளாஸ்ட்ரிடியத்தின் வித்துகளும் மண்ணில்தான் வாழ்கின்றன. ஆகவே ஒரு பிடி மண்ணை மருந்தாக்கும் வாதம் இங்கே வேண்டாம். இக்கட்டுரைக்குத் தேவைப்படுவது அதைவிடச் சிறிய செய்தி. புற்றுமண்ணும் பத்தடி தள்ளிக் கிடக்கும் மண்ணும் வேறு வேறு என்று இவ்வட்டாரத்தார் கருதுகிறார்கள். மண்ணின் நுண்ணுயிர்களைக் கணக்கெடுக்கும் நடைமுறையோ பெரும்பாலும் இரண்டையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கிவிடுகிறது. ஒரு காட்டு நிலத்தில் நுண்ணுயிர்கள் எவ்வாறு பரவியிருக்கின்றன என்ற கேள்விக்கு, காட்டு வகை ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணம் தீட்டிய வரைபடம் விடையாகாது. புற்று, வேர்த்தூர், சருகுப் படுகை ஆகிய திட்டுகளே அங்கு அலகு என்பது இங்கு முன்வைக்கப்படும் வாதம். மழையும் மண்ணின் வேதியியலும் எவை வாழக்கூடும் என்று எல்லை கட்டுகின்றன. அந்த எல்லைக்குள் எவை வாழ்கின்றன என்பது திட்டுக்குத் திட்டு முடிவாகிறது.

வாதத்துக்கு இந்த நிலப்பகுதி வசதியானது. சங்கரன்கோவிலிலிருந்து மேற்கே புளியங்குடிக்கும் வாசுதேவநல்லூருக்கும் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர்தான். அதற்குள் கரிசல் முடிந்து செவ்வல் தொடங்கி, எலுமிச்சைத் தோட்டங்களைக் கடந்தால் மலையடிவாரம் வந்துவிடும். அடிவாரத்தில் முட்புதர், அதற்கு மேலே வறண்ட இலையுதிர்காடு, ஏற ஏற ஈரம் கூடி, முகட்டை ஒட்டிப் பசுமைமாறாக் காடு. 2015இல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்குச் சரணாலயம் மேற்குத்தொடர்ச்சி மலையின் இந்தக் கிழக்குச் சரிவில்தான் இருக்கிறது. சுண்ணாம்புக் கற்கள் ஊடாடிய கரிசலின் கார அமில நிலை 8ஐத் தாண்டும். மழை கழுவிக் கழுவி உப்பிழந்த முகட்டு மண் 5ஐ ஒட்டி நிற்கும். எண்ணில் மூன்றுதான் வேறுபாடு என்றாலும், ஹைட்ரஜன் அயனியின் செறிவில் அது ஆயிரம் மடங்கு. இந்த வேறுபாட்டின் வலிமையை 2006இல் நோவா ஃபியரரும் ராபர்ட் ஜாக்சனும் எடுத்துக்காட்டினார்கள். வட, தென் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து 98 மண் மாதிரிகளை எடுத்து ஒப்பிட்டபோது, பாக்டீரியா வகைகளின் எண்ணிக்கையை வெப்பநிலையோ நிலநடுக்கோட்டிலிருந்து உள்ள தொலைவோ விளக்கவில்லை. கார அமில நிலை விளக்கியது. நடுநிலை மண்ணில் வகைகள் மிகுந்தும், அமில மண்ணில் குறைந்தும் இருந்தன. மரவகைக்குப் பேர்போன பெருவின் அமேசான் காட்டு மண் அந்த வரிசையில் கடைசியில் நின்றது. இதை நம் சரிவின்மேல் வைத்துப் பார்த்தால் ஒரு சங்கடமான முடிவு வருகிறது: மரங்கள் செழித்த முகட்டுக் காட்டைவிட, பருத்தியும் உளுந்தும் மாறிமாறி விதைக்கப்படும் கரிசலில் பாக்டீரியா வகைகள் மிகுதியாக இருக்கலாம். மேலே நிற்கும் காட்டின் செழுமையைக் கொண்டு கீழே உள்ள உயிர்களின் செழுமையை மதிப்பிடும் பழக்கம் இந்த ஓர் இடத்திலேயே உடைந்துபோகிறது.

பூஞ்சைகளுக்கு இதே கணக்கு செல்லாது. எஸ்தோனியாவின் லேஹோ டெடர்சூ தலைமையில் ஒரு பெருங்குழு 2014இல் வெளியிட்ட ஆய்வு, உலகெங்கும் 365 இடங்களின் மண்ணைப் பார்த்தது. பூஞ்சை வகைகளின் செழுமையைத் தட்பவெப்பமே முதன்மையாக விளக்கிற்று. தாவர வகைகளின் எண்ணிக்கையோடு அதற்கு நேரடி உறவு தென்படவில்லை. ஆக, ஒரே சரிவுக்கு பாக்டீரியாவை வைத்து வரைந்த படமும் பூஞ்சையை வைத்து வரைந்த படமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இரண்டும் காட்டு வகை வரைபடத்தோடு பொருந்த வேண்டிய கட்டாயம் அதனினும் குறைவு. இவை எல்லாம் கிலோமீட்டர் கணக்கில் பேசுவன. உயிரின் கணக்கு வேறு. ஒரு கிராம் மண்ணில் நூறு கோடி பாக்டீரியாக்கள் என்று பாடநூல்கள் சொல்லும்போது நெரிசல் மிகுந்த நகரம் ஒன்று நம் மனத்தில் எழுகிறது. சேவியர் ரேனோ, நீஷா நூனன் ஆகிய இருவரும் மண்ணை மெல்லிய தகடுகளாக அறுத்துப் பார்த்து 2014இல் வெளியிட்ட கணக்கு அந்தப் படத்தைக் கலைத்தது. ஒரு பாக்டீரியாவுக்கும் அதன் அண்டைக்கும் சராசரித் தொலைவு ஏறத்தாழ 12 மைக்ரோமீட்டர். பொருள்களைப் பரிமாறிக்கொள்ளக்கூடிய 20 மைக்ரோமீட்டர் வட்டத்துக்குள் சராசரியாக 120 உயிரணுக்கள்தான் இருக்கும். வறண்ட மண்ணில் இந்தத் தொலைவைக்கூடக் கடக்க நீர்ப்படலம் கிடையாது. இத்தகைய உயிர்க்கு 'இலையுதிர்காடு' என்ற முகவரி என்ன பொருள் தரும்?

உயிரணுவின் அளவுக்கும் மலைச்சரிவின் அளவுக்கும் நடுவில், களத்தில் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய அலகு ஒன்று வேண்டும். புற்று அதற்குத் தக்கது. தமிழ்நாட்டில் ஆளுயரம் எழும்பி, மடிப்பு மடிப்பாக நிற்கும் புற்றுகள் பெரும்பாலும் ஓடன்டோடெர்மிஸ் ஒபிசஸ் என்ற கறையான் கட்டியவை. இக்கறையான் அடிமண்ணிலிருந்து களியை மேலே கொண்டுவந்து, எச்சில் சேர்த்துக் கட்டுகிறது. கர்நாடகத்தின் பந்திப்பூர்க் காட்டில் உள்ள மூலெஹொளெ சிறுவடிநிலத்தில் செம்மண்ணும் கரிசலும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. அங்கே பாஸ்கால் ஜூகே முதலிய பிரெஞ்சு, இந்திய ஆய்வாளர்கள் இக்கறையானின் புற்றுகளைச் சுற்றுமண்ணோடு ஒப்பிட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். மேல்மண்ணின் நடுவே அடிமண்ணால் ஆன ஒரு தீவு நிற்கிறது என்பதே அடிப்படைச் செய்தி. உள்ளே நிலைமை இன்னும் தீவிரம். அரைத்த சருகையும் மரத்தூளையும் கொண்டு கறையான் கட்டும் பூஞ்சைத் தோட்டத்தில் ஏறத்தாழ ஒரே பூஞ்சைதான் ஆள்கிறது: மழைக்குப் பின் புற்றின்மேல் முளைத்து, கறிக்காகப் பறிக்கப்படும் புற்றுக்காளானான டெர்மிடோமைசிஸ். கறையான் கைவிட்ட தோட்டத்தில் சில நாளிலேயே சைலேரியா வகைப் பூஞ்சை மேலெழுந்து மூடிவிடும். உயிருள்ள தோட்டம், கைவிடப்பட்ட தோட்டம், புற்றின் சுவர், புற்றடி என நான்கு சூழல்கள் இரண்டு மீட்டர் விட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. நான்குக்கும் மழையளவு ஒன்று, உயரம் ஒன்று, மேலே நிற்கும் மரமும் ஒன்றாகவே இருக்கலாம்.

இதற்கு எதிராக முதலில் எழுவது பழைய, வலுவான வாதம். எல்லாம் எங்கும் உண்டு, சூழல்தான் தேர்ந்தெடுக்கிறது என்ற கருத்தை நெதர்லாந்தின் பாஸ் பெக்கிங் 1934இல் எழுதினார். மானுவேல் டெல்காடோ-பாக்கெரிஸோவும் கூட்டாளிகளும் 2018இல் தந்த சான்று அதற்கு நெருக்கமானது: ஆறு கண்டங்களின் 237 இடங்களில், மொத்த பாக்டீரியா வகைகளில் வெறும் 2 விழுக்காடு, ஏறத்தாழ 500 வகைகள், மண்ணின் பாக்டீரியாக் கூட்டத்தில் கிட்டத்தட்டப் பாதியாக இருந்தன. எதிர்ப்பக்கத்தில், தொலைவே பிரிக்கிறது என்பாரும் உளர். சதோஷி ஓமுரா 1970களில் ஜப்பானின் கவானாவில் எடுத்த மண்ணிலிருந்து பிரித்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் அவர்மிடிலிஸ்தான் அவர்மெக்டினைத் தந்து, 2015இல் நோபல் பரிசுவரை போனது. உலகெங்கும் மண்ணைத் தோண்டியும் அதற்கு இணையான ஒன்று எளிதில் அகப்படவில்லை. நம் பகுதியிலும் தவளைகளுக்கும் சில பறவைகளுக்கும் ஆரியங்காவுக் கணவாய் ஓர் இனப்பிரிவுக் கோடாக இருக்கிறது. நுண்ணுயிர்க்கும் அப்படித்தானா? தென்மேற்குப் பருவக் காற்று புழுதியோடும் வித்துகளோடும் புகுந்து வரும் வாயில் அதுவே என்பதால், அங்கே தடையைவிடப் போக்குவரத்தையே எதிர்பார்க்க வேண்டும். இந்த இருதரப்பு வழக்கில் டெர்மிடோமைசிஸ் நல்ல சாட்சி. ஓடன்டோடெர்மிஸ் இனத்தில் புதுப் புற்றைத் தொடங்கும் இணை தன்னோடு பூஞ்சையைக் கொண்டுவருவதில்லை. முதல் வேலைக்காரக் கறையான்கள் வெளியே இரை தேடும்போது, காளான் உதிர்த்த வித்துகளைச் சருகோடு உள்ளே கொண்டுவந்து சேர்க்கின்றன. அப்படியானால் வித்து காடெங்கும் விழுந்து கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு புற்றும் பிழைக்காது. ஆனால் அது வளர்ந்து தழைப்பது புற்றுக்குள் மட்டும். எங்கும் உண்டு என்பதும் உண்மை, ஓரிடத்தில்தான் வாழ்கிறது என்பதும் உண்மை. இரண்டுக்கும் நடுவே நிற்பது திட்டு. பாஸ் பெக்கிங்கின் 'சூழல்' என்ற சொல்லுக்கு எத்தனை மீட்டர் என்று கேட்டுவிட்டால் இந்தச் சண்டையின் பெரும்பகுதி அடங்கிவிடும்.

பின் ஏன் திட்டுகள் நம் தரவுகளில் தென்படுவதில்லை? மாதிரி எடுக்கும் முறையே அவற்றை அழித்துவிடுவதால்தான். வேளாண் மண் பரிசோதனைக்கு மண் எடுக்கும் விதியை இந்தப் பக்கத்து விவசாயிகள் நன்கு அறிவார்கள். 'வி' வடிவில் குழி வெட்டி, ஓரத்தில் ஒரே கனத்தில் மண்ணைச் சுரண்டி, பத்துப் பதினைந்து இடங்களில் எடுத்ததை ஒன்றாகக் கலந்து, நாலாகப் பகுத்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, அரை கிலோவாகக் குறைத்து அனுப்ப வேண்டும். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் கிடந்த இடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். உரப் பரிந்துரைக்கு இது மிகச் சரியான விதி. வயல் முழுவதற்கும் ஒரே அளவு யூரியா போடப்போகிறவருக்குச் சராசரி போதும். அதே விதி காட்டுக்குள் போகும்போது, மரநிழலையும் மக்குக் குவியலையும் விலக்கினால் காட்டில் மிச்சம் என்ன என்ற கேள்வி கேட்கப்படாமல் போகிறது. விலக்காமல் கலந்தாலும் தொல்லைதான். புற்றுமண்ணும் வேர்மண்ணும் வெற்றுமண்ணும் சேர்ந்த கலவையில் கிடைக்கும் வகைப்பட்டியல், எந்த ஓரிடத்திலும் இல்லாத ஒரு சமுதாயத்தின் பட்டியல். அதை வைத்து இன்ன பாக்டீரியா இன்ன பூஞ்சையோடு சேர்ந்து வாழ்கிறது என்று வலைப்பின்னல் வரையும் கட்டுரைகள் அண்மைக்காலத்தில் பெருகிவிட்டன. பத்து மீட்டர் இடைவெளியில் இருந்தவற்றைப் பையில் சேர்த்துவைத்து உறவு கண்டுபிடிப்பது எப்படிப்பட்ட அறிவு என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

காட்டைக் காப்பவர்க்குக் கரியளவும் சத்துச் சுழற்சியும்தானே முக்கியம், அதற்குச் சராசரி போதாதா என்பது அடுத்த மறுப்பு. மண் முழுவதும் ஒரே சீராக இயங்கினால் போதும். அப்படி இயங்குவதில்லை. வேரைச் சுற்றிய சில மில்லிமீட்டரும், சருகு மக்கும் அடுக்கும், மண்புழு வளையின் சுவரும் மொத்தக் கன அளவில் சிறு பங்கு. சிதைவு வேலையின் பெரும்பங்கு அங்கேதான் நடக்கிறது என்பதை யாகோவ் குஸ்யாகோவும் எவ்கேனியா பிளகொடாத்ஸ்காயாவும் 2015இல் விரிவாகத் தொகுத்துக் காட்டினார்கள். மேற்குத்தொடர்ச்சி மலையிலேயே இன்னும் நேரடியான சான்று உண்டு. கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில், துண்டுபட்ட மழைக்காடுகளில் மேக்னா கிருஷ்ணதாஸ் குழுவினர் நடத்தி 2018இல் வெளியிட்ட சோதனையில், நாற்றுகள் முளைக்கும் சிறு பாத்திகளில் பூஞ்சைக்கொல்லியும் பூச்சிக்கொல்லியும் தெளிக்கப்பட்டன. காட்டின் விளிம்பிலிருந்து 90 முதல் 100 மீட்டர் உள்ளே இருந்த பாத்திகளில் மட்டும், மருந்து தெளித்ததும் நாற்று வகைகள் குறைந்தன. அதாவது உட்காட்டில் நோய்ப்பூஞ்சைகளும் பூச்சிகளும், ஓரிடத்தில் மிகுதியாக விழுந்த வகையின் கன்றுகளைக் கழித்து, மற்றவற்றுக்கு இடம் விட்டுக்கொண்டிருந்தன; விளிம்பில் அந்த வேலை ஏற்கெனவே ஓய்ந்துபோயிருந்தது. விதைகளின் வகைகள் இரண்டு இடத்திலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தும் இப்படி. வரைபடத்தில் இரண்டுமே ஒரே பச்சை. நூறு மீட்டருக்குள் நிகழ்ந்த மாற்றத்தை, அந்தக் காட்டுத்துண்டு முழுவதன் சராசரியைத் தரும் ஒரு மாதிரி சொல்லியிருக்க வழியே கிடையாது. புளியங்குடிப் பக்கத்து அடிவாரத்திலோ தோப்பும் காடும் மாறிமாறி, எங்கு பார்த்தாலும் விளிம்பாகவே இருக்கிறது.

காலத்தை முன்வைத்து வரும் மறுப்புக்குப் பாதி உடன்பட வேண்டும். வறண்ட மண்ணில் முதல் மழை பட்டவுடன் கரியமில வாயு சட்டென்று பொங்கி வெளியேறும் என்பதைக் கிழக்கு ஆப்பிரிக்க மண்களில் ஆராய்ந்து 1958இல் எச். எஃப். பர்ச் எழுதினார், அவர் பெயரால் அது இன்றும் வழங்குகிறது. சமவெளி ஐப்பசி, கார்த்திகை மழையையே நம்பியிருக்க, முகடு ஆனி, ஆடியிலும் நனைகிறது. நடுச்சரிவுக்கு இரண்டிலிருந்தும் கொஞ்சம். சித்திரையில் எடுத்த மாதிரியும் கார்த்திகையில் எடுத்த மாதிரியும் வேறு வேறு கதை சொல்லும் என்றால் இடத்தைப் பற்றிய பேச்சே வீண் என்று வாதிடலாம். இதனோடு இறந்த டி.என்.ஏ. பற்றிய ஐயமும் சேர்ந்து வருகிறது: பால் கரினி குழுவினர் 2016இல் காட்டியபடி, மண்ணிலிருந்து எடுக்கும் டி.என்.ஏ.வில் சராசரியாக 40 விழுக்காடு உயிரற்றது. நாம் திட்டு என்று சொல்வது பழைய பிணங்களின் குவியலாக இருக்கக்கூடாதா? அதே குழு 2020இல் கொலராடோ மலைச்சரிவொன்றில் மாதாமாதம் மண் எடுத்துச் செய்த ஆய்வு இரண்டு ஐயங்களையும் சேர்த்தே சோதித்தது. இறந்த டி.என்.ஏ. இருந்தவரை கால மாற்றம் மங்கியே தெரிந்தது. அதை நீக்கி, இட வேறுபாட்டையும் கணக்கில் கழித்த பிறகே மாற்றம் தெளிந்தது. எனவே காலம் பொய்யல்ல. ஆனால் சிறு தொலைவில் உள்ள இட வேறுபாட்டை முதலில் அளக்காதவர் கால மாற்றத்தையும் அளக்க முடியாது. இறந்த டி.என்.ஏ.வும் திட்டுகளைப் புதிதாக உண்டாக்குவதைவிட, வேறுபாடுகளை மழுக்கும் பக்கமே சாய்கிறது. உடன்பட வேண்டிய பாதி இதுதான்: தேதியிடாத நுண்ணுயிர் வரைபடத்தை நம்பக்கூடாது.

செலவு என்ற மறுப்பே நடைமுறையில் வெல்கிறது, அதனால் அதைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். திட்டுக்கு ஒரு மாதிரி என்று தொடங்கினால் எங்கே நிறுத்துவது? சரணாலயத்தின் ஒவ்வொரு புற்றையும் தோண்டச் சொல்லவில்லை. உயரம், கார அமில நிலை, மழை ஆகியவற்றால் பிரிந்த சில பட்டைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் சில திட்டுகளை மட்டும் எடுத்து, புற்றின் சுவர், புற்றடி, ஒரு மீட்டர், பத்து மீட்டர், நூறு மீட்டர் என்று தொலைவு பெருகும்படி தனித்தனியே மண்ணெடுத்தால் போதும். பையின் எண்ணிக்கை கூடினாலும் இடத்தின் எண்ணிக்கை குறைகிறது. எந்தத் தொலைவில் வேறுபாடு தேய்ந்து நிற்கிறது என்ற, இப்போது ஊகமாக மட்டும் இருக்கும் ஒன்று எண்ணாகக் கிடைக்கும். மரங்களுக்கு இந்த அளவு உழைப்பு ஏற்கெனவே செலவிடப்பட்டிருக்கிறது. முதுமலையில் இந்திய அறிவியல் கழகம் 1988 முதல் 50 ஹெக்டேர் காட்டில் ஒரு சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேற்பட்ட தண்டு ஒவ்வொன்றையும் எண்ணிட்டு வருகிறது. பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் இதேபோன்ற நிலத்துண்டின் மர வரைபடத்தை வைத்துத்தான் 2015இல் மண் நுண்ணுயிர்களையும் அருகே நின்ற மரங்களையும் பொருத்திப் பார்த்தார்கள். சமவெளிப் பக்கத்திலும் ஒரு வசதி இருக்கிறது. உழவும் டிராக்டரும் கரிசலில் புற்றுகளை மட்டமாக்கிவிட்டாலும், நாகம் குடியிருப்பதாக நம்பி மஞ்சள் தூவி வழிபடும் புற்றுகளை யாரும் இடிப்பதில்லை. வேம்படியிலும் ஊர்க் கோயிலடியிலும் அவை நெடுங்காலம் உழவு படாமல் நிற்கின்றன. மலைப் புற்றோடு ஒப்பிட, உழுத நிலத்தின் நடுவே இப்படி ஒன்று கிடைப்பது அரிது. தோண்டாமல், சுவரிலிருந்து ஒரு கரண்டி மண் எடுப்பதற்கு ஊராரின் இசைவு வேண்டும். காட்டில் வனத்துறையிடம் இசைவு பெறுவதைப் போலவே இதையும் ஆய்வு முறையின் பகுதியாகவே கொள்ள வேண்டும்.

இந்த அளவுப் பிரச்சினை ஆய்வுக்கூடத்தோடு நிற்பதும் இல்லை. உண்ணிச்செடி அகற்றிய சரிவில் காட்டை மீட்கும்போது, நல்ல காட்டின் மண்ணைக் கொஞ்சம் கொண்டுவந்து உறைமோர் போல இடலாம் என்ற யோசனை இப்போது பரவிவருகிறது. நெதர்லாந்தில் அவ்வாறு இட்ட மெல்லிய மண்படலம் பின்னர் வளரும் தாவரங்களின் திசையையே மாற்றியதாக 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. எந்த மரத்தடியிலிருந்து எடுப்பது? ஜொனாதன் பென்னட் குழுவினர் 2017இல் வட அமெரிக்க மரங்கள் 55 வகைகளில் கண்டது இது: வேருக்குள் நுழையும் பூஞ்சையோடு கூட்டு வைத்த மரங்களின் கன்றுகள் தாய்மரத்து மண்ணில் நலிந்தன, வேரின்மேல் உறைபோல் படரும் பூஞ்சையோடு கூட்டு வைத்தவற்றின் கன்றுகள் தாய்மரத்து மண்ணில் செழித்தன. நம் மலைகளில் பெரும்பாலான மரங்கள் முதல் வகை. தெற்கே அகத்தியமலைப் பகுதிக்கே உரிய ஹோபியா யூட்டிலிஸ் போன்ற டிப்டெரோகார்ப் குடும்ப மரங்கள் இரண்டாம் வகை. இதே போக்கு இங்கும் நிலவுமானால், முதல் வகைக் கன்றுகளுக்குத் தாய்மரத்திலிருந்து விலகிய மண்ணும், இரண்டாம் வகைக்குத் தாய்மரத்தடி மண்ணும் வேண்டும். பத்து மரத்தடிகளில் அள்ளிக் கலந்த ஒரு மூட்டை மண், நாற்றங்காலில் இரண்டு வகைக்கும் பாதி உதவியும் பாதி கேடும் செய்யும். எது உதவியது, எது கெடுத்தது என்பதையும் அந்தக் கலவையிலிருந்து யாராலும் பிரித்தறிய முடியாது.